முழங்காலுக்குக் கீழே ஒரு வேலி

எங்கள் பக்கத்தில் காய்கறி போடுகிறவர்கள் வேலியைச் சோதிக்க வேண்டுமென்றால் குனிந்துதான் பார்ப்பார்கள். இடுப்புக்கு மேலே வேலி எப்படி இருக்கிறது என்பது மாட்டுக்கும் ஆளுக்கும் உள்ள கணக்கு. தரையிலிருந்து முழங்கால் வரைக்கும் உள்ள ஒன்றரை அடிதான் முயலுக்கு உள்ள கணக்கு.

நான் அன்றைய சேலம் ஜில்லாவில் சர்வேயராக வேலை பார்த்தவன். 1979-லிருந்து 1987 வரை நில உடைமை மேம்பாட்டுத் திட்டம், யு.டி.ஆர். என்று சொன்னால்தான் ஊரில் தெரியும், நடந்தபோது சங்கிலியை எடுத்துக்கொண்டு கல் தேடி வேலி வேலியாக நடந்திருக்கிறேன். திருச்செங்கோடு, ராசிபுரம், ஆத்தூர்ப் பக்கமெல்லாம் எத்தனை வேலி, எத்தனை இட்டேரி! எங்கள் புலப்படத்தில் கல் உண்டு, கோடு உண்டு, அளவு உண்டு. வேலி எந்தச் செடியால் ஆனது, அதன் அடி இறுக்கமா, ஓட்டையா என்று எழுத இடம் கிடையாது. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து இந்தச் சீமை கம்பெனியின் கைக்குப் போனதும் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழிருந்த மன்றோ, மெக்லியாட், கிரகாம் ஆகியோரும் வயல் வயலாக அளந்து வரி போட்டார்கள். அன்றிலிருந்து இன்று வரை இந்த மண்ணை அளந்த காகிதங்கள் அறை அறையாகக் கிடக்கின்றன. மண்ணைக் காத்த செடியைப் பற்றித்தான் எழுத்து குறைவு. அதனால்தான் எழுதுகிறேன்.

இப்போது ராசிபுரத்துக்கும் சேந்தமங்கலத்துக்கும் நடுவே கிணற்றை ஒட்டிய அரை ஏக்கரில் கத்தரி, அவரை, முள்ளங்கி, தண்டுக்கீரை போடுகிறேன். கிழக்கே கொல்லிமலை. மேற்கே முழுக்க மானாவாரிக் காடு, செம்மண்ணும் சரளையும். முயல் அந்தப் பக்கமிருந்துதான் வரும்.

முதலில் முயலைச் சொல்லிவிட வேண்டும். கூண்டில் வளர்க்கும் வெள்ளை முயல் வேறு சாதி. அதன் மூதாதை ஐரோப்பாவில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும் மிருகம். 1859-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் தாமஸ் ஆஸ்டின் என்கிற பண்ணைக்காரர் வேட்டையாடுவதற்காக அதைக் கொண்டுவந்து விட, அது கண்டம் முழுக்கப் பெருகியது. மேற்கு ஆஸ்திரேலியா 1907-ல் கட்டி முடித்த முதல் முயல் வேலி மட்டும் 1,833 கிலோமீட்டர். அடியில் தோண்டி வந்துவிடும் என்று வலைக்கம்பியை மண்ணுக்குள்ளும் புதைக்க வேண்டியிருந்தது. நம் காட்டு முயல் பிடரியில் கருப்பு மயிர் கொண்டது. வளை தோண்டாது. கோரையடியிலோ புதரடியிலோ உடம்பு கொள்ளும் அளவுக்கு ஒரு பள்ளம் அழுத்திக்கொண்டு, காதை முதுகோடு ஒட்டவைத்துப் பகல் முழுக்கப் படுத்திருக்கும். மிதிக்கப் போனால்தான் எழுந்து ஓடும். குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். பொழுது சாய்ந்த பிறகுதான் மேய்ச்சல். வந்த தடத்திலேயே வரும், போன தடத்திலேயே போகும். வேலியில் ஓட்டை இருந்தால் நுழையுமே தவிர, தோண்டாது. அடி இறுக்கமாக இருந்தால் ஓரமாகவே நடந்து ஓட்டை தேடிப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போய்விடும். எங்கள் ஊர் வேலிக் கலை முழுவதும் இந்த ஒரு குணத்தின் மேல் நிற்கிறது.

வேட்டையாடுகிறவர்களும் இதே குணத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் முயல் வேட்டை வருகிறது. பகலில் நாய்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் புதரை அடித்துக் கலைக்கிறார்கள். தொடர்ந்து கட்டிய வலை வேலிபோல் நிற்கிறது. நீண்ட காதுள்ள முயல் தப்பிக்க வழியில்லாமல் வளைத்துப் பிடித்து, எல்லோரும் கூடிப் பகிர்ந்து உண்கிறார்கள். நான் சிறுவனாக இருந்தபோது பொங்கல் கழிந்த நாட்களில் எங்கள் காட்டில் பார்த்தது வரிக்கு வரி அதேதான். இட்டேரியின் ஒரு முனையில் வலை கட்டுவார்கள். மறுமுனையிலிருந்து நாயும் ஆளும் தகரமும் தடியுமாகச் சத்தம் போட்டுக்கொண்டு வருவார்கள். பிடித்ததை அங்கேயே பங்கு போடுவார்கள். நாய்க்கும் ஒரு பங்கு உண்டு. முயல் பிடிக்கிற நாயை மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும் என்பது எங்கள் ஊரில் பழமொழியாக மட்டும் இருந்ததில்லை. நாய் வாங்குகிறவர்கள் உண்மையிலேயே முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பார்கள்.

ஆனால் தோட்டக்காரனுக்கு வருஷத்தில் ஒரு நாள் வேட்டையால் ஒன்றும் ஆகாது. அவனுக்கு மாசியிலிருந்து வைகாசி வரை ராத்திரிக்கு ராத்திரி காவல் வேண்டும். ஆடிப்பட்டத்தில் காடெங்கும் கடலைக்கொடி, தட்டைப்பயறு, கொள்ளு, சாமை என்று பச்சையாக இருக்கும்போது முயல் தோட்டத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. தை அறுவடை முடிந்து காடு காய்ந்தபின், கிணற்றடியில் நீர் பாயும் அந்த ஒரு துண்டுதான் கண்ணுக்கெட்டிய தூரத்தில் பச்சை. அப்போது வருவதை அதன் குற்றம் என்று என்னால் சொல்ல முடியாது.

சேதத்தைப் பார்த்தே யார் வந்தது என்று சொல்லிவிடலாம். கத்தரி நாற்றின் தண்டு கத்தியால் சீவியதுபோல் சாய்வாக அறுந்திருந்தால் முயல். நார் நாராகக் கிழிந்திருந்தால் ஆடு. கொறித்த தூள் சிந்தியிருந்தால் எலி. நாற்று வேரோடு பிடுங்கி எறியப்பட்டிருந்தால் மயில். முயலுக்கு அவரைக் கொழுந்தும் தட்டைப்பயற்றுத் தளிரும் கீரையும் முள்ளங்கித் தழையும் உயிர். வெங்காயத்தைத் தொடாது. அதனால் எங்கள் அப்பத்தா கீரைப்பாத்தியைச் சுற்றிலும் வரப்பில் வெங்காயம் ஊன்றுவார். பசி முற்றினால் முயல் அதைத் தாண்டி வந்துவிடும் என்பது அவருக்கும் தெரியும். வரப்பும் சும்மா கிடக்க வேண்டாம் என்பார்.

பழைய வேலி எது? எங்கள் அப்பாரு காலத்தில் சப்பாத்திக்கள்ளி. அமெரிக்காவிலிருந்து வந்த செடி அது. சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை இங்கே வளர்த்துப் பணம் பண்ணலாம் என்று கம்பெனி காலத்தில் பெரிய ஆசை இருந்தது. சென்னையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டைப் பக்கம் அதற்கென்று கள்ளித் தோட்டமே போட்டார். சாயத் தொழில் நிலைக்கவில்லை, கள்ளி நிலைத்தது. கிள்ளிப் போட்ட மடல் வேர்விடும், மழையில்லாமல் வளரும், ஆடு தொடாது, முள்ளுக்குப் பயந்து ஆள் தொடமாட்டான். அதைவிட மலிவான வேலி கிடையாது. அடியிலிருந்தே மடல்மேல் மடலாக அடைத்துக்கொண்டு வளர்வதால் முயல் நுழைய விரலிடுக்குக்கூட இருக்காது.

தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876-லிருந்து 1878 வரை, சேலம் ஜில்லா மிக மோசமாக அடிபட்டது. 1871 கணக்கெடுப்பைவிட 1881 கணக்கெடுப்பில் ஜில்லாவின் மக்கள்தொகை குறைந்திருந்தது. உழ ஆளில்லாமல் கிடந்த காட்டில் கள்ளி ஏறியது என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். வேலியாக நட்டது காடாக மாறிய பிறகு, அதே கள்ளிப்புதர் முயலுக்கும் நரிக்கும் பாம்புக்கும் கோட்டையாகிவிட்டது. அதற்குள் நாயும் போகாது, வலையும் கட்ட முடியாது. தோட்டக்காரனுக்கு வேலிக்கு வெளியே ஒரு முயல் பண்ணை.

அதன் முடிவு சட்டென்று வந்தது. 1926-ல் இலங்கை வழியாக இன்னொரு வகைப் பூச்சியைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். இது சாயத்துக்காக வந்ததல்ல, கள்ளியை அழிப்பதற்கென்றே வந்தது. பஞ்சுபோல் வெள்ளையாக மடலில் ஒட்டும், நசுக்கினால் ரத்தம்போல் சிவப்பு வரும். சில வருஷங்களில் கள்ளிக்காடுகள் அழுகிச் சரிந்தன. விவசாயத்தில் பூச்சியைக் கொண்டு செடியை அடக்கிய வெற்றிகளில் பெரிய வெற்றி என்று அதைப் பாடப்புத்தகங்களில் எழுதுகிறார்கள். நிலம் மீண்டது உண்மைதான். ஆனால் எங்கள் அப்பாரு அந்த வருஷங்களைப் பற்றிப் பேசும்போது சொன்னது வேறு. "காடு வெளுத்துது கண்ணு, தோட்டமும் வெளுத்துப்போச்சு. வேலி அத்தனையும் ஒரே கோடையில கூழாப் போச்சு. மொசலு நடு வாசல் வழியா வந்துச்சு" என்பார். வேலியை இழந்த தோட்டக்காரர்கள் இலந்தை முள்ளையும் வெள்வேல முள்ளையும் வெட்டி, கவைக்கோலால் தூக்கி அடைத்தார்கள். முள் ஒரு வருஷம் நிற்கும், பிறகு கறையான் தின்றுவிடும். வருஷா வருஷம் அடைக்க ஆள் வேண்டும்.

ஆகவே கிளுவைக்குத் திரும்பினார்கள். திரும்பினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். கிளுவை இந்த மண்ணின் செடி, கொங்கு முழுக்க மேய்ச்சல் நிலமான கொறங்காட்டுக்கும் தோட்டத்துக்கும் அதுதான் வேலி. கைத்தடி கனத்தில் போத்து வெட்டி, சில நாள் நிழலில் போட்டு வைத்து, ஆடி மழையை ஒட்டி ஊன்றுவார்கள். அப்பாரு ஊன்றும் விதத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு வரிசை வடக்கே சாய்ந்திருக்கும், அடுத்த வரிசை தெற்கே சாய்ந்திருக்கும், இரண்டும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலேயே ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். வெட்டும் இடத்தில் கற்றாழை நாரால் கட்டு. வளர வளர அந்தக் கட்டு இருந்த இடத்தில் இரண்டு தண்டும் ஒன்றை ஒன்று இறுக்கிக்கொண்டு நிற்கும். மேலே உள்ள கட்டு ஆட்டுக்கு, கீழே உள்ள கட்டு முயலுக்கு என்பார்.

கிளுவைக்கு ஒரு குறை உண்டு. வயதானால் மேலே குடைபோல் விரிந்து, அடியில் நிழல் விழுந்து, கீழ்க் கிளைகள் உதிர்ந்துவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் அடர்ந்த வேலி, குனிந்து பார்த்தால் ஆள் தவழ்ந்து போகலாம். இதற்கு இரண்டு வைத்தியம். ஒன்று, சில வருஷங்களுக்கு ஒருமுறை முழங்கால் உயரத்தில் வெட்டிவிடுவது. வெட்டிய இடத்திலிருந்து கொத்தாகத் துளிர்க்கும், வெட்டிய தழை பஞ்சத்தில் ஆட்டுக்கு ஆகும். இன்னொன்று, அடியில் துணைச்செடிகள். நான்கு நான்காக முள் வைக்கும் சங்கஞ்செடி, காரை, சூரைமுள், இவற்றோடு ஏறிக்கொள்ள பிரண்டையும் கோவையும் வேலிப்பருத்தியும். சங்கஞ்செடி யாரும் நடாமல் பறவை எச்சத்தில் தானாக முளைக்கும். அதை வெட்டி எறிகிறவன் வேலியின் காலை வெட்டுகிறான். எங்கள் பெண்கள் மூட்டுவலிக்குப் பிரண்டையும் சமையலுக்குக் கோவைத் தழையும் அந்த வேலியிலிருந்துதான் பறித்தார்கள்.

வேலிக்கு வெளியே இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை, நடுவில் வண்டித்தடம், ஓரத்தில் புல்லும் கொழிஞ்சியும். முயல் அங்கே படுக்கும், அங்கேயே மேயும். இட்டேரி இருந்தவரை முயலுக்கு இருக்க இடமிருந்தது, தோட்டத்துக்குக் காப்பும் இருந்தது. அடி இறுக்கமான வேலியில் அப்பாரு ஒரே ஒரு ஓட்டையை மட்டும் அடைக்காமல் விடுவார். முயல் தடம் அங்கே சேரும். அங்கேதான் கண்ணி. கௌதாரிக்கும் முயலுக்கும் கண்ணி வைக்க வரும் நரிக்குறவர்களைத் தோட்டக்காரர்களே கூப்பிட்டு, தங்க இடமும் சோளமும் கொடுத்ததுண்டு. எந்த ஓட்டை பழைய தடம், எது புதிது என்று புழுக்கையைத் தொட்டுப் பார்த்துச் சொல்வார்கள். அவர்களிடம் இருந்த அறிவை வேறு யாரும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

சட்டம் இந்த இடத்தில் இரண்டு முறை குறுக்கே வந்தது. 1912-ல் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த காட்டுப் பறவை, விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலிலேயே முயல் இருந்தது. ஆனால் சொத்தை நேர்மையாகக் காப்பதற்காகக் கொன்றால் அது குற்றமில்லை என்று அதில் விதிவிலக்கும் இருந்தது. கீரைப்பாத்தியைக் காட்டினால் போதும். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கதவை மூடியது. முயல் நான்காம் அட்டவணையில் வந்தது. மனித உயிரைக் காக்கக் கொன்றால் மட்டும்தான் தானாக விலக்கு. பயிருக்காக என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்தில் அனுமதி தர வேண்டும். நிற்கும் பயிரும் சொத்துதான் என்று அந்தப் பிரிவே சொல்கிறது, ஆனால் அரை ஏக்கர் கீரைக்காகச் சென்னைக்கு மனு எழுதியவரை நான் பார்த்ததில்லை. 2022 திருத்தத்தில் ஆறு அட்டவணைகள் நான்காகக் குறைந்தன, முயலுக்குக் காப்பு போகவில்லை.

அந்தச் சட்டம் வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். வாழப்பாடியை ஒட்டிய சின்னமநாயக்கன்பாளையம், கொட்டவாடி போன்ற ஊர்களில் பொங்கலுக்கு வங்காநரியை வலையில் பிடித்து, மாலை போட்டு ஊர்வலம் கொண்டுவந்து, ஓடவிட்டு வேடிக்கை பார்க்கும் வழக்கம் இருந்தது. நரி முகத்தில் விழித்தால் விளைச்சல் பெருகும் என்ற நம்பிக்கை. வனத்துறை தடுத்து அபராதம் போட ஆரம்பித்தபோது ஊர்க்காரர்கள் கோபப்பட்டார்கள். ஆனால் வங்காநரி எலியையும் முயல் குட்டியையும் தின்கிற மிருகம். தோட்டத்தைக் காப்பவர்களில் அதுவும் ஒன்று. கட்டி இழுத்துச் சத்தத்தில் நடுங்கவைத்து விட்டால் அது பிழைக்குமா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. நரி முகத்தில் விழிக்க வேண்டுமானால் கரட்டோரம் விடியற்காலை போய் உட்கார்ந்தால் போதும், இன்னும் சில இடங்களில் தெரிகிறது.

வேட்டை நின்றது சரி. கூடவே வேலியும் நின்றதுதான் தப்பு. மேட்டூர் அணை 1934-ல் முடிந்து, 1937-ல் அங்கே மின்சாரம் எடுக்க ஆரம்பித்த பிறகு, மெல்ல மெல்ல, மாடு பூட்டிக் கவலை ஓட்டிய கிணறுகளில் மோட்டார் வந்தது. கவலை நீர் பாய்ந்த வரைக்கும்தான் காய்கறி என்ற எல்லை உடைந்து, காய்கறிப் பாத்தி மானாவாரிக் காட்டின் நடுவே போனது. அங்கே வேலி கிடையாது. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது கிளுவை வேலி மூன்று முழ அகலம் தின்கிறது என்று பிடுங்கினார்கள். நான் கல் ஊன்றிக் கொடுத்த எத்தனையோ பாகங்களில் மறு வருஷம் போய்ப் பார்த்தால் வேலி இருந்த தடமே இருக்காது. இட்டேரிகள் தார் ரோடாயின, அல்லது பக்கத்துக்காரர்களின் வரப்புக்குள் போயின. மனைப்பிரிவு போடுகிறவர்கள் முதலில் இயந்திரம் விட்டு எடுப்பது வேலியைத்தான்.

அதற்குப் பதிலாக வந்தது கல்தூணும் முள்கம்பியும். மாட்டைத் தடுக்கும், ஆளைத் தடுக்கும், பட்டாவைக் காட்டும். முயலுக்கு அது திறந்த வாசல். கீழ்க்கம்பிக்கும் தரைக்கும் நடுவில் முக்கால் அடி. பிறகு பழைய சேலையைச் சுற்றிக் கட்டினார்கள். தரையைத் தொடும்படி கட்டினால் சேலை உண்மையிலேயே கொஞ்ச காலம் வேலை செய்கிறது, வெயிலில் நைந்து கிழியும் வரை. தலைமுடி தூவினார்கள், சாணியைக் கரைத்துத் தெளித்தார்கள், தகர டப்பாவைக் கட்டித் தொங்கவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் முயல் சில ராத்திரிகளில் பழகிவிடும்.

சிலர் கம்பியில் மின்சாரம் விட்டார்கள். இதைப் பற்றி என்னால் அடக்கிப் பேச முடியாது. கத்தரி நாற்றுக்காக மெயின் லைனிலிருந்து கொக்கி போட்டு இழுத்த கம்பியில் மாடு செத்திருக்கிறது, விடியக்காலை தண்ணி கட்டப் போன சொந்த வீட்டு மனுஷனே செத்திருக்கிறான். வருஷா வருஷம் தமிழ்நாட்டில் எங்காவது இப்படி ஒரு செய்தி வருகிறது. முயலுக்கு உயிரில்லாத வேலி போட்டால் அதற்கு உயிர் கொடுக்கத் தோன்றும், அப்போது அது உயிர் கேட்கும்.

என் தோட்டத்துக்குத் தெற்கே இருக்கும் பையன் கல்தூண் நட்டிருக்கிறான். பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு வந்து நல்ல அக்கறையாகத் தக்காளியும் கத்தரியும் போடுகிறான், புதன்சந்தைப் பக்கம் கடைகளுக்குக் கொடுக்கிறான். போன கோடையில் வந்து, "பெரியப்பா, கரண்ட் இழுத்தரலாமான்னு பார்க்கறேன், ஒரே ராத்திரியில ரெண்டு பாத்தி போச்சுங்க" என்றான். கூடவே போய்ப் பார்த்தேன். கம்பிக்குக் கீழே தடம் பளிச்சென்று இருந்தது. "தூணை எடுக்க வேண்டாம், கம்பியையும் எடுக்க வேண்டாம், உள்பக்கம் ஒரு முழம் தள்ளிக் கிளுவை வை" என்று சொன்னேன். கிளுவை பிடித்து அடர மூன்று வருஷமாவது ஆகும். அதுவரைக்கும் கோழிக்கூண்டுக்கு அடிக்கும் வலைக்கம்பியை இரண்டடி உயரத்துக்குத் தூணடியில் கட்டிக்கொள்ளட்டும். நம் முயல் தோண்டாது என்பதால் புதைக்க வேண்டியதில்லை, தரையோடு படும்படி கல் வைத்து அழுத்தினால் போதும். நாற்றங்காலுக்கு மட்டும் நான்கு மாதம் இருந்தாலே பாதிக் கவலை தீரும்.

எங்கள் வடக்கு வேலியில் அப்பாரு ஊன்றிய கிளுவை இன்னும் இருக்கிறது. இந்த ஆடிக்கு அதை முழங்கால் உயரத்தில் வெட்டப் போகிறேன். போத்து நிறைய வரும். அவனுக்குப் போக மீதியைக் கேட்கிறவர்களுக்குக் கொடுப்பேன். வந்து எடுத்துப் போகிறவர்கள் சங்கஞ்செடி விதையையும் ஒரு கை அள்ளிக்கொண்டு போக வேண்டும், போத்து ஊன்றிய அன்றே அடியில் தூவிவிட வேண்டும், பிறகு அதைக் களை என்று பிடுங்கக் கூடாது. மேற்கே மானாவாரி ஓரத்தில் ஒரு ஏர் அகலம் தட்டைப்பயறும் கொள்ளும் நான் முயலுக்கென்றே விதைக்கிறேன். முன்பனி இருக்கும் வரை அது பச்சையாக நிற்கிறது, அதற்கப்புறம் அந்தப் பக்க வேலியின் அடியைத்தான் வாரத்துக்கு ஒருமுறை குனிந்து பார்த்து வருகிறேன்.